மாரியாத்தாளுக்கு எதற்கு ஏணி

1

சனிக்கிழமை காலையில் மகளைத் தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. வட ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து பள்ளிக்குக் காரில் அரை மணி நேரம். நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. ஏறி உட்கார்ந்ததும் இரண்டு காதிலும் எதையோ செருகிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். நான் ஏதாவது கேட்டால் ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்து, "என்னப்பா?" என்பாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அது மறுபடி காதுக்குள் போயிருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவள் காதில் எதுவும் இல்லை. தொடையில் தாளம் தட்டியபடி ஏதோ முனகிக்கொண்டு வந்தாள். ஆடி மாதத்தில் வரும் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பழகுகிறாள் என்று தெரியும். என்ன பாட்டு என்று நான் கேட்டதில்லை. சிக்னலில் சிவப்புக்கு நின்றபோது முனகல் தெளிவாகி வெளியே வந்தது.

காத்து அடிச்சது ஊரு இருண்டது
கைவெளக்கு ஏத்திட யாருவந்தா?
ஏழூரு தாண்டியே ஏணியத் தூக்கிட்டு
எங்காத்தா மாரியும் ஏறிவந்தா!

பச்சை விழுந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். இந்த நாட்டில் ஹாரன் அடிப்பது கிட்டத்தட்ட கெட்ட வார்த்தை சொல்வது மாதிரி. நம் ஊரில் பஸ்காரர் மூச்சு விடுகிற அளவுக்கு ஹாரன் அடிப்பார், இங்கே நம்மை நோக்கி ஒருமுறை அடித்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் மனசு சரியாக இருக்காது.

"அப்பா, கிரீன்!" என்றாள் நிலா.

வண்டியை எடுத்துவிட்டுக் கேட்டேன். "இது எங்க கத்துக்கிட்ட பாட்டு?"

"டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க. யூடியூப்ல இருந்து எடுத்தாங்களாம். முந்நூறு வருஷத்து ஃபோக் சாங். யாரு எழுதினதுன்னே தெரியாதாம்."

"எனக்குத் தெரியும்."

"யாரு?"

"நான்தான்."

சிரித்தாள். என் பெண் மனம்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. "நீங்களா? சாமி பாட்டா? நீங்க கோயிலுக்குள்ளயே வர மாட்டீங்க. பார்க்கிங்ல உக்காந்து வாழைப்பழம் சாப்பிடுவீங்க."

"சரி, சாமிக்கு எதுக்கு ஏணி? ஒங்க டீச்சர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேனே. அது பக்தியோட சிம்பலாம். படிப்படியா மேல போறது."

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வழிவழியாக வரும் வியாதி. பள்ளி வாசலில் இறங்கும்போது அவள் காதுகளில் அந்த இரண்டு வெள்ளைக் குச்சிகளும் திரும்ப ஏறியிருந்தன.

2

இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. கந்தர்வக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன் நான். தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டே பாட்டுக் கட்டுவேன். என் சிறு வயதில், எழுத்துக் கற்றுக்கொள்ள வாருங்கள் என்று பெண்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போவார்கள். சாமி பெயரை எடுக்காமல், காப்புச் செய்யுள் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வருகிற பாட்டு இருக்க முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கடவுள் இல்லை என்று சண்டை போட்டுத் திரிந்தவன் அல்ல. எனக்கு அந்த எண்ணம் வரவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் நல்லது நடந்தால் யாரோ ஒரு மனுசன் கை அதற்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் கையைப் பெயர் சொல்லிப் பாட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கண்மாய் தூர் வாரியதற்குப் பாட்டு, தடுப்பூசிக்குப் பாட்டு, பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்காவுக்கு ஒரு பாட்டு என்று எழுதினேன். பாம்பு கடித்தால் மந்திரிக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒரு பாட்டு. எங்கள் ஒன்றியத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

மனைவி சுமதி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, நாங்கள் மூன்று பேரும் வந்தோம். சுமதிக்கு முருகன் உண்டு. சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் சின்னப் படமாக இருக்கிறார். டூட்டிக்குப் போகும் முன் கதவைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடுவாள். அவள் சாமி அலமாரிக்குள், என் பாட்டு என் வாய்க்குள். இதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

வந்த புதிதில் முகவரிப் பதிவுக்காக நகராட்சி அலுவலகம் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, மதம் என்ன என்று கேட்டார். தேவாலயத்துக்கு வரி பிடிக்க வேண்டுமா என்று பார்ப்பதற்காக இங்கே அதைக் கேட்பார்கள். நான் அதற்காகவே வீட்டில் சொல்லிப் பழகியிருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, "எதுவும் இல்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். சுமதி, "இந்து" என்றாள். அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, வரி இல்லாதவர்கள் எல்லாரும் எங்களுக்கு ஒன்றுதான் என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டார். இத்தனை வருடம் நமக்குள் தீராததை ஒரு தட்டலில் முடித்துவிட்டாரே என்று சுமதி வெளியே வந்து சிரித்தாள். எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

என் எலக்ட்ரிக்கல் டிப்ளமாவை இங்கே ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு பரீட்சை, அந்தப் பரீட்சைக்கு ஒரு மொழிச் சான்று, மொழிச் சான்றுக்கு ஒரு வகுப்பு என்று சுற்றவிட்டார்கள். இப்போது ஒரு பெரிய கிடங்கின் அடித்தளத்தில் பாரம் தூக்கும் வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் போட்டுப் பராமரிக்கிறேன். அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. இரைச்சல் இருப்பதால் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடலாம். ஏழு வருடமாக அந்த பேட்டரிகள்தான் என் பாட்டைக் கேட்கின்றன.

இங்குள்ள தமிழர்கள் நல்லவர்கள். முக்கால்வாசிப் பேர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் கூடுகிற இடம் கோயில். பிறந்த நாள், பொங்கல், வேலை போனவருக்கு ஆறுதல், சாவு எல்லாமே அங்கேதான். கோயிலுக்குப் போகாதவனுக்கு இந்த ஊரில் தமிழே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, உள்ளே மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு வாழைப்பழம் சாப்பிடுகிறவன். போகிற வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, "உள்ளுக்கு வாங்கோவன்" என்பார்கள். கையைக் காட்டிச் சிரிப்பேன். தனியாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

3

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய கார்த்திகையில் அந்தப் பெரும் புயல் வந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் ஊரைச் சுற்றி முந்திரிக்கொல்லை எதுவும் நிற்கவில்லை. எல்லா மரமும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. ரோடு எது, கொல்லை எது என்று தெரியவில்லை. மின்கம்பங்கள் முறிந்து, கம்பியெல்லாம் சேற்றில் கிடந்தன. கரண்டு இல்லாவிட்டால் என் கடைக்கு என்ன வேலை? வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியபோது, கொல்லைக்குள் வழி காட்ட நான் கூடப் போனேன்.

அவர்களில் ஒருவர் மாதையன். தருமபுரிப் பக்கம். ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். லாரி போக வழி இல்லாததால் மற்றவர்கள் மரங்களை அகற்றும்வரை காத்திருந்தபோது, அவர் மூங்கில் ஏணி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி அடுத்த ஊருக்கு நடந்தார். "மரம் நகர்ற வரைக்கும் நம்ம குந்தியிருந்தா இவங்க எப்ப வெளக்கப் பாக்கறதுங்க?" என்பார். அவர் பேச்சு எங்கள் ஆட்களுக்குப் புதிதாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே போய் அவரை மாதிரிப் பேசிக் காட்டுவார்கள். மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சோறு. அக்கா வள்ளிக்கண்ணு அவருக்குக் கூடுதலாக ஒரு கரண்டி வைப்பாள்.

செல்போன் டவர் எல்லாம் சாய்ந்துவிட்டது. தரையில் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. கம்பத்தின் உச்சியில் மட்டும் எப்போதாவது கிடைக்கும். மாதையன் மேலே வேலை முடிந்ததும் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் போடுவார். அவர் பிள்ளைகளோடு கொஞ்சிப் பேசுவது கீழே எங்கள் எல்லாருக்கும் கேட்கும். "அப்பா எங்கயா? அப்பா மானத்துல இருக்கறன்டா கண்ணு" என்பார். பெண்கள் சிரிப்பார்கள்.

கீழத்தெருவுக்கு லைன் இழுத்த கடைசி நாளில், சாய்ந்து கிடந்த முந்திரிக் கிளைகளுக்குள் கையைவிட்டுக் கம்பியை இழுத்தார். கண்ணாடி விரியன் கடித்தது.

யாரும் மந்திரிக்கவில்லை. கீறவில்லை, வாய் வைத்து உறிஞ்சவில்லை. என் பாட்டில் இருந்தபடியே செய்தார்கள். கையை அசையாமல் கட்டி, பைக்கில் நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ரோட்டில் மரம் வந்த இடத்தில் எல்லாம் அவரையும் பைக்கையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். கந்தர்வக்கோட்டை வருவதற்குள் முடிந்துவிட்டது.

மந்திரித்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஊரில் ஒரு பெரியப்பா சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தப் பாட்டில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். ஆனாலும் சரியானதை எல்லாம் செய்தும் ஒரு மனுசன் செத்துப்போவான் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா கோயில் முன்னால் போய் நின்று மாரியாத்தாளைத் திட்டினாள். கண் இருக்கா, காது இருக்கா என்று வாய் ஓயும்வரை திட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்குத் திட்டவும் ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் மற்ற ஆட்கள் அழுதுகொண்டே மீதி வேலையை முடித்தார்கள். கீழத்தெருவில் விளக்கு எரிந்தது. எப்போதும் கரண்டு வந்தால் பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். அன்று ஒருவரும் கத்தவில்லை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் பாட்டு எழுதினேன். நாலாவது வரி இதுதான்.

எங்கண்ணன் மாதையன் ஏறிவந்தான்!

அடுத்த சரணம் அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் கடலோரத்திலிருந்து வந்த காசிம்பாய்க்கு. தன் வீட்டு ஓடெல்லாம் பறந்துபோயிருந்தும் அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கி லாரியில் கொண்டுவந்தவர்.

அடுப்பு நனஞ்சது அரிசி கரஞ்சது
அண்டாச்சோத் தோடிங்கு யாருவந்தா?
கடலோரம் தன்வீடும் காத்துல போனாலும்
காசிம்பாய் லாரியில் ஏறிவந்தார்!

மாதையனின் பதினாறாம் நாள் ஊர் கூடி, அவர் நட்ட கம்பத்தடியில் பெண்கள் அதைக் கும்மியாகப் பாடினார்கள். சில மாதத்தில் நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

மாதையன் சொர்க்கத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. நான் அப்படி நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் இப்போது இருக்கக்கூடிய ஒரே இடம் நாலு பேர் வாய். அந்த ஒரு வரிதான் நான் அவருக்குக் கட்டிக்கொடுத்த வீடு. அதைத்தான் யாரோ காலி செய்துவிட்டு மாரியாத்தாளைக் குடிவைத்திருந்தார்கள்.

4

யாரோ என்ன, என் அக்காதான். அந்தக் காணொளியைத் தேடிப் பார்த்தேன். ஒரு நிமிடத் துண்டு, காசிம்பாய் சரணம் அதில் இல்லை. போன வருடத்து எங்கள் ஊர் முளைப்பாரித் திருவிழா. நடுவில் முளைப்பாரிச் சட்டிகள், சுற்றிப் பெண்கள் கும்மியடிக்கிறார்கள். முதல் ஆளாக நின்று பாட்டை எடுத்துக் கொடுக்கிறாள் வள்ளிக்கண்ணு.

தெரியாதவர்களுக்காக: ஆடியில் பெண்கள் விரதமிருந்து, எருப் போட்ட சட்டியில் தானியங்களை விதைத்து, வெயில் படாத வீட்டுக்குள் முளைக்கவிடுவார்கள். தினமும் சுற்றி நின்று கும்மியடிப்பார்கள். முளை நன்றாக வந்தால் ஊருக்கு மழை வரும், விளைச்சல் வரும் என்று கணக்கு. கடைசி நாள் சாமிக்குக் காட்டிவிட்டுக் கண்மாயில் கரைப்பார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, என் பாட்டக் கொண்டுபோய் மாரியாத்தா தலையில கட்டிட்டீங்களா?"

"எந்தப் பாட்டுடா தம்பி?"

"வெளக்கேத்த வந்த பாட்டு. மாதையன் பாட்டு."

"அதுவா! வெளிநாடு வரைக்கும் வந்துருச்சா?" என்று சந்தோசப்பட்டாள். என் கோபம் அவளுக்கு எட்டவே இல்லை.

"பேர எதுக்குக்கா எடுத்தீங்க?"

"ஏண்டா, முளை வச்ச எடத்துல செத்தவுக பேரச் சொல்லுவாகளா? பயிறு கருகிப்போகும்டா. நம்ம ஊருல பெறந்தவந்தான நீ?"

"தண்ணி இல்லேன்னாத்தான் பயிறு கருகும். பேரு சொன்னாக் கருகாது."

"அத நீ அங்கிட்டு உக்காந்துக்கிட்டு சொல்லு. வெரதம் இருக்குறது நாங்க. காசிம்பாய் பேர எடுத்தமா? அவுக உசுரோட இருக்காக, ஆத்தா முன்னாடியே பாடுறோம். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல. வெளியூருக்காரப் பய எவனோ வீடியோவ வெட்டிப் போட்டா நா என்ன செய்ய?"

"அப்ப ஏணி எதுக்கு? ஆத்தாளுக்கு ஏணி எதுக்குக்கா? அதையும் எடுத்துட்டு வேற எதையாச்சும் வைக்க வேண்டியதுதான?"

 அந்தப் பக்கம் எங்கோ ஒரு டிராக்டர் போனது.

"ஏணிய எடுக்க மனசு வரலடா" என்றாள்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மனசு வரலையாம்ல. அந்த மனுசன ரெண்டாந் தடவ சாகடிச்சிட்டு…"

"வாய மூடு. வீட்டுல முளை இருக்கு. இப்ப அந்தப் பேச்சே வேணாம். புதன்கெழம கரைக்கிறோம். அதுக்கப்பறம் சொல்லுறேன்" என்று வைத்துவிட்டாள்.

சுமதி டூட்டி முடிந்து வந்ததும் அவளிடம் புலம்பினேன். காலில் நீர் கோத்திருந்தது, முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். "பாட்டு பாடுறாங்கல்ல. அதுவே பெரிசுங்க. விடுங்களேன்" என்றாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். நிலாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தோழியோடு ஜெர்மனில் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் அந்த மொழியில் சிரிக்கும் வேகத்துக்கு எனக்குப் புரிவதில்லை.

5

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி டீச்சரைப் பார்க்கப் போனேன். ரூபி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். வாரம் முழுக்க ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்கு 'அ'னா சொல்லித் தருகிறவர். அவரிடம் கோபப்படுவது பாவம். அதனால் கூடியவரை மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். புயல், ஏணி, பாம்பு, மாதையன். ஒரே ஒரு வரி, அதை மட்டும் பழையபடி மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

முழுவதும் கேட்டார். கண் கலங்கினார். உடனே மாற்றிவிடலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணை, பிழையா நினைக்காதேங்கோ. விழா நடக்கிறது கோயில் மண்டபத்தில. விளக்கேத்தின உடனே வாற முதல் பாட்டு இது. அதில செத்துப்போன ஆளின்ர பேரைச் சொன்னா சனம் ஒரு மாதிரி நினைக்கும்."

கடல் தாண்டி வந்தும் அதே பேச்சு. எனக்குச் சுருக்கென்று ஏறியது. "ஒரு பேருதானே டீச்சர். ஒரு ஆளு பேரு."

அவர் மேசையில் கிடந்த சுண்ணக்கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். "செத்த ஆக்களின்ர பேரைச் சொல்லத் தொடங்கினா எங்கட பாட்டு முடியவே முடியாது, அண்ணை" என்றார்.

அவர் யார் யாரை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. பெட்டியை அலமாரியில் வைக்க உதவினேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது, என் ஒற்றை மாதையனைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றது கூச்சமாக இருந்தது. அதற்காக மாதையனை நினைத்து இருந்த பாரமும் குறையவில்லை.

6

விழா ஞாயிற்றுக்கிழமை. சுமதிக்கு டூட்டி. மகள் பாடுகிறாள், அதனால் முதல்முறையாக மண்டபத்துக்குள் போனேன். செருப்பைக் கழற்றும் இடத்தில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துச் சந்தோசமாகத் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

விளக்கேற்றினார்கள். ரூபி டீச்சர் மைக்கில், "இது தமிழ்நாட்டின் மிகப் பழமையான நாட்டார் பாடல்" என்று ஆரம்பித்தார். பிறகு சற்று நிறுத்தினார். என்னைத் தேடினாரோ என்னவோ. "எழுதிய கைகளுக்கு நன்றி" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

நிலா பச்சைப் பாவாடையில் நடுவில் நின்று பாடினாள். என் மகள் இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. 'யாருவந்தா' என்று இழுத்து நிறுத்துகிற இடத்தில் அக்காவின் குரல் அப்படியே இருந்தது. நாலாவது வரி வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, "எங்காத்தா மாரியும் ஏறிவந்தா!" என்று கை தட்டினார்கள். நான் வாய்க்குள் மாதையன் என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் தன்னிடம் பேசுகிறேன் என்று நினைத்து, "ஓம் ஓம், நல்ல வடிவாப் பாடுதுகள்" என்றார். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். என் பாட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். அங்கே உட்கார்ந்திருந்த அவ்வளவு பேரில் அந்த ஏணி யாருடையது என்று தெரிந்தவன் நான் ஒருவன். அதைவிடத் தனியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

திரும்பி வரும்போது நிலா முன் சீட்டில் இருந்தாள். பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் காதில் செருகிவிட்டாள். "நல்லா பாடுன" என்றேன். ஒரு காதை எடுத்து, "என்னப்பா?" என்றாள். "நல்லா பாடுனம்மா." "தேங்க்ஸ்ப்பா." காது மூடிக்கொண்டது.

சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் கைப்பேசியில் செய்தி வந்தது. அக்காவின் குரல்பதிவு. புதன்கிழமை தாண்டி நாலு நாள் கழித்து இப்போதுதான் அனுப்புகிறாள். என் கைப்பேசி காரோடு இணைந்திருந்ததால், தட்டியதும் அக்காவின் குரல் கார் முழுவதும் கேட்டது.

"தம்பி, நல்லாருக்கியா? பாரி கரைச்சாச்சு. கரைச்சுட்டு வெறுஞ்சட்டியோட வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப எம் மயன்கிட்டச் சொல்லிப் புடிச்சது இது. அவன் இன்னைக்கித்தான் எடுத்துக் குடுத்தான். கொட்டுக்காரவுக, வீடியோ எடுக்குறவுக எல்லாம் சாமியோட போயிருவாக. கம்மாக்கரையில நாங்க பொம்பளையாளுக மட்டுந்தான் வருவோம். முளை கரைஞ்சுருச்சுல்ல, இனிமே யாரு பேரையும் சொல்லலாம். வருசா வருசம் இப்புடித்தான் வர்றோம். நீ கேட்டதுமில்ல, நாஞ் சொன்னதுமில்ல. கேட்டுக்க."

காற்றுச் சத்தம். நிறையக் கால்கள் மண்ணில் நடக்கிற சத்தம். யாரோ இருமினார்கள். பிறகு கொட்டு இல்லாமல், கை தட்டல் இல்லாமல், நடந்து களைத்த குரல்களில் பாட்டு வந்தது.

ஏழூரு தாண்டியே ஏணியத் தூக்கிட்டு
எங்கண்ணன் மாதையன் ஏறிவந்தான்!

ஒரு தடவை பாடிவிட்டு அந்த வரியைத் திரும்பப் பாடினார்கள். மூன்றாவது தடவையும் பாடினார்கள். நான் எழுதியதில் அதை ஒரு தடவைதான் பாட வேண்டும். நடக்க நடக்க அவர்கள் நீட்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தேன். சிக்னலில் சிவப்புக்கு வண்டியை நிறுத்தினேன். அழுதேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இந்த முறை நிலா கிரீன் என்று சொல்லவில்லை. இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிட்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை ஓரமாக ஒரு ரொட்டிக் கடை வாசலில் நிறுத்தினேன்.

"அப்பா, இது அத்தைதான?"

"ஆமா."

"மாதையன் யாரு?"

இந்தக் கேள்விக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். இப்போது சொல்ல வந்தால் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. கம்பத்து மேல ஏறி… வெளக்கு… என்று ஏதோ உளறினேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"அப்பா, அப்ப அந்த ஏணி அவரோடதா?"

"அவரோடதுதான்மா."

"அப்ப நெஜமாவே இது ஒங்க பாட்டா?"

தலையை ஆட்டினேன். அவள் கை நீட்டிப் பதிவை முதலிலிருந்து வைத்தாள். இரண்டாம் தடவை ஓடும்போது கூடச் சேர்ந்து முனகினாள். மூன்றாம் தடவை வாய்விட்டுப் பாடினாள். 'மாதையன்' என்ற பெயர் அவள் நாக்கில் கொஞ்சம் ஜெர்மன் வாடையோடு வந்தது. திருத்தலாம் என்று வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். அவர் எங்கள் ஊருக்கு ஏணியோடு வந்தபோதும் அவர் பேச்சு எங்களுக்குப் புதிதாகத்தான் இருந்தது.